படகு வாங்கும் முன் ஒரு ஒர்க்‌ஷீட்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளைகள் கேம்ஸ் ஆடுகிறார்கள், நான் இமெயில் பார்க்கிறேன். எக்செல் எக்செல் என்கிறார்களே, கடை கண்ணி இல்லாத எனக்கு அது எதற்கு?" கணக்குப்பிள்ளை வேலைக்கு மட்டும்தான் எக்செல் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப் போயிருக்கிறது. விலை அதிகமான பொருள் எதையாவது வாங்கப் போகிறீர்களா? அப்போது அதைத் திறந்து பாருங்கள். பவர் டில்லர், போர்வெல் மோட்டார், இன்வெர்ட்டர் என எதற்கும் இது பொருந்தும். இந்த மாதம் சற்று வித்தியாசமாக, ஒரு மோட்டார் படகை எடுத்துக்கொள்வோம்.

தஞ்சாவூர்க்காரனுக்குப் படகு எதற்கு என்று சிரிக்காதீர்கள். நெல் மாவட்டம் என்றே பெயர் வாங்கிய நம் மாவட்டத்துக்குக் கடற்கரையும் இருக்கிறது. அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் எல்லாம் தஞ்சை மாவட்டத்து ஊர்கள்தான். பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் என் மைத்துனருக்குக் குடும்பத்தோடு கடலில் போய்வர ஒரு சிறு படகு வாங்கவேண்டும் என்று நெடுநாள் ஆசை. கம்ப்யூட்டர் வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. "அத்தான், எது நல்ல பிராண்டுன்னு மட்டும் சொல்லுங்க, வாங்கிடுறேன்" என்றார். பிராண்டு பெயரைச் சொல்வதற்குப் பதில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவரையே ஒரு ஒர்க்‌ஷீட் போட வைத்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உங்களிடம் மைக்ரோசாஃப்ட் எக்செல் இல்லாவிட்டால் பரவாயில்லை. லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் போதும், இலவசம். கீழே சொல்வதெல்லாம் இரண்டிலும் வேலை செய்யும்.

முதல் வரிசையில் என்ன எழுதுவது?

எல்லோரும் முதலில் விலை என்று எழுதுவார்கள். நீங்கள் "எங்கே ஓட்டப்போகிறேன்?" என்று எழுதுங்கள். காவிரியிலும் வெண்ணாற்றிலும் ஓட்டலாம் என்ற கனவு இருந்தால் அதை முதலிலேயே அழித்துவிடலாம். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடப்படுகிறது. மீதி மாதங்களில் ஆற்றில் மணல்தான். தண்ணீர் வரும் நாளிலும் வழியெல்லாம் ரெகுலேட்டர், ஷட்டர். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக் காயல் அழகான இடம், ஆனால் அது வனத்துறையின் பொறுப்பில் உள்ளது. அனுமதி இல்லாமல் சொந்தப் படகில் உள்ளே போக நினைக்கக்கூடாது. மிஞ்சுவது பாக் விரிகுடா. அங்கேயும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022இல் தமிழக அரசு கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. கடல்பசு கடற்புல் மேயும் பிராணி, மூச்சு வாங்க மேலே வரும். புரொப்பல்லர் அதன் முதுகைக் கிழித்துவிடும். ஆழம் குறைந்த அந்தக் கடலில் முழு வேகத்தில் பறக்க நினைப்பவருக்கு இந்தப் படகே வேண்டாம் என்பது என் கருத்து.

இடம் முடிவானதும் படகின் தரப் பிரிவு தானாக முடிவாகும். ஐரோப்பிய விதிப்படி செய்யப்படும் உல்லாசப் படகுகளில் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்து பொறித்த தகடு இருக்கும். டி என்றால் அலை 0.3 மீட்டர் வரை, அதாவது குளம், காயல் போன்ற அடக்கமான நீர். சி என்றால் 2 மீட்டர் அலை வரை, கரையோரக் கடல். நமக்கு வேண்டியது சி. உள்ளூர்ப் பட்டறையில் செய்த ஃபைபர் படகில் இந்தத் தகடு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அப்படியானால் எத்தனை பேர், எத்தனை கிலோ, எத்தனை குதிரைத்திறன் வரை என்று செய்தவரிடம் எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் அந்த செல்லில் "இல்லை" என்று போடுங்கள்.

இந்த "இல்லை" மிக முக்கியம். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உல்லாசமாகப் படகில் போனவர்களில் 22 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தில் மலப்புறம் மாவட்டம் தானூரில் இன்னொரு 22 பேர். தானூர்ப் படகு, மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றியது. அதில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள். ஆகவே மைத்துனரின் ஒர்க்‌ஷீட்டில் "எத்தனை பேர்" என்ற காலத்துக்கு அடுத்து "மொத்த எடை" என்று ஒரு காலம் வைத்தோம். ஐரோப்பியக் கணக்கில் ஆளுக்கு 75 கிலோ. ஆறு பேர் என்றால் 450 கிலோ. நம் வீட்டார் வெறுங்கையோடு வருவார்களா? 20 லிட்டர் தண்ணீர் கேன், புளியோதரைத் தூக்கு, ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் கூட்டுங்கள். தயாரிப்பாளர் சொன்ன அளவை மொத்தம் தாண்டினால் "தேறாது" என்று வரும்படி இஃப் ஃபார்முலா ஒன்று போதும்.

தகவல் சேகரிப்பது எப்படி?

சர்ச் இன்ஜினில் வெறுமனே "சிறந்த படகு மோட்டார்" என்று தேடினால் விளம்பரங்கள்தான் முதலில் வரும். மாடல் பெயரை மேற்கோள் குறிக்குள் கொடுத்து, பக்கத்தில் ஸ்பெசிஃபிகேஷன் என்றும் பிடிஎஃப் என்றும் ஆங்கிலத்தில் சேர்த்துத் தேடுங்கள். தயாரிப்பாளரின் பிரசுரமே கிடைக்கும். இப்போது சாட்பாட்டிடம் கேட்பது வழக்கமாகிவிட்டது. கேளுங்கள், தப்பில்லை. ஆனால் அது சொல்லும் எந்த எண்ணையும் பிரசுரத்தில் பார்க்காமல் செல்லில் ஏற்றாதீர்கள்.

பக்கத்தின் தேதியையும் பாருங்கள். எவின்ரூட் என்ற அமெரிக்க மோட்டார் 1909இல் தொடங்கிய பெயர். தேடினால் இன்றும் அதைப் புகழும் பக்கங்கள் ஏராளமாக வரும். 2020 மே மாதம் அதன் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். இன்டர்நெட்டில் செத்தவர்களும் உயிரோடு இருப்பார்கள்!

மைத்துனர் 20 குதிரைத்திறன், நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார்களை எடுத்துக்கொண்டார். யமஹா, சுசுகி, ஹோண்டா, மெர்குரி, டோஹட்சு என்று ஐந்து வரிசை. பிரசுரங்களில் இருந்து எண்களை ஏற்றும்போது மூன்று தொல்லைகள் வரும்.

ஒன்று, அளவை. அமெரிக்கப் பிரசுரத்தில் எடை பவுண்டில் இருக்கும். புதிய காலத்தில் சமக்குறி போட்டு, பவுண்டு உள்ள செல்லைக் கிளிக் செய்து, பெருக்கல் குறியும் 0.4536ம் கொடுத்தால் கிலோ வந்துவிடும். செல்லின் வலது கீழ் மூலையைப் பிடித்து இழுத்தால் எல்லா வரிசைக்கும் கணக்கு போட்டுவிடும். மைல் வேகத்துக்கு 1.609, அமெரிக்க கேலனுக்கு 3.785. குதிரைத்திறனிலும் இரண்டு வகை உண்டு. ஒரு கம்பெனி 20க்கு 14.7 கிலோவாட் என்றும் இன்னொன்று 14.9 என்றும் போடும். ஒன்று மெட்ரிக் குதிரை, மற்றது ஆங்கிலக் குதிரை. இரண்டாவது பலசாலி என்று எண்ணவேண்டாம்.

இரண்டு, எண்ணோடு "கிலோ" என்ற சொல்லையும் சேர்த்து பேஸ்ட் செய்துவிடுவது. அப்போது எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும், கூட்டல் கணக்கில் சேர்க்காது. செல்லில் இடது ஓரம் ஒட்டி நின்றால் எழுத்து, வலது ஓரம் என்றால் எண். பார்த்தாலே தெரியும்.

மூன்றாவது வேடிக்கையானது. புரொப்பல்லர் பிட்ச் 8 முதல் 11 வரை என்பதற்கு நடுவே கோடு போட்டு 8-11 என்று டைப் செய்தால் எக்செல் அதைத் தேதியாக மாற்றிவிடும். முன்னால் ஒற்றை மேற்கோள் குறி ஒன்று போட்டுவிட்டு டைப் செய்யுங்கள்.

எண்களை ஏற்றி முடித்ததும் இன்ஜின் கொள்ளளவுக் காலத்தைத் தேர்ந்தெடுத்து டேட்டா மெனுவில் சார்ட் கொடுக்கச் சொன்னேன். சுசுகி 327 சிசி, ஹோண்டா 350, யமஹா 362. மெர்குரியும் டோஹட்சுவும் ஒட்டிக்கொண்டு நின்றன, இரண்டும் 333 சிசி! தற்செயல் இல்லை. மெர்குரி பெயரில் வரும் சிறிய மோட்டார்களை நெடுங்காலமாகச் செய்து தருவது டோஹட்சுவோடு சேர்ந்த ஜப்பானியக் கூட்டு நிறுவனம். நிசான் பெயரில் விற்ற அவுட்போர்டுகளும் டோஹட்சு செய்தவையே. படகுகளிலும் இதே கதைதான். பாஸ்டன் வேலர், சீ ரே, பேலைனர் மூன்றும் வெவ்வேறு கம்பெனி போலத் தெரியும். மூன்றுக்கும் மெர்குரிக்கும் முதலாளி அமெரிக்காவின் பிரன்ஸ்விக் நிறுவனம். "பிராண்டு", "செய்பவர்", "உரிமையாளர்" என மூன்று தனிக் காலம் போட்டால் பளிச்சென்று தெரிந்துவிடும். ஒரே இன்ஜினுக்கு இரண்டு விலை கேட்டால் எதற்குக் கூடுதல் என்று தைரியமாகக் கேட்கலாம்.

பாஸ்டன் வேலர் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 1961இல் அந்தப் படகை ரம்பத்தால் இரண்டாக அறுத்து, அறுத்த பிறகும் அது மிதப்பதை லைஃப் பத்திரிகையில் படம் போட்டார்கள். உடலுக்குள் ஃபோம் நிரப்பியிருப்பதுதான் ரகசியம். "தண்ணீர் நிறைந்தாலும் மிதக்குமா?" என்ற காலத்தை இதைப் படித்த பிறகுதான் சேர்த்தோம்.

பெட்ரோல் கணக்கு

பிரசுரத்தில் பெரும்பாலும் கிடைக்காதது பெட்ரோல் செலவு. அதற்கு ஒரு பழைய தோராயக் கணக்கு இருக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் முழு வேகத்தில் 10 குதிரைத்திறனுக்கு மணிக்கு ஒரு அமெரிக்க கேலன் குடிக்கும். 20 குதிரைக்கு மணிக்கு சுமார் 7.6 லிட்டர். மெதுவாகப் போனால் வெகுவாகக் குறையும். டேங்கை மூன்றால் வகுக்கவேண்டும். ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு தொடாமல் வைக்க. 24 லிட்டர் டேங்க் என்றால் போகும் பங்கு 8 லிட்டர், முழு வேகத்தில் ஒரு மணி நேரம்தான். மைத்துனர் இந்த செல்லைப் பார்த்து வாயடைத்துப் போனார். நாள் முழுக்கச் சுற்றலாம் என்று நினைத்திருந்தார்.

கார்புரேட்டர் வைத்த இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார் எடை குறைவு, பிரித்து மேய்வதும் சுலபம். ஆனால் பெட்ரோலோடு ஆயில் கலக்கவேண்டும், குடியும் புகையும் அதிகம். தினம் தொழிலுக்குப் போகிற மீனவர் கணக்கு வேறு, மாதம் இரண்டு முறை போகும் நம் கணக்கு வேறு.

சர்வீஸ் காலத்தில் எத்தனை நட்சத்திரம் என்று போடாதீர்கள். ஸ்பேர் வைத்திருக்கும் மெக்கானிக் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறார் என்று எண்ணாக எழுதுங்கள். இதற்கு இன்டர்நெட் உதவாது, போனைத்தான் எடுக்கவேண்டும். குளிர்விக்கும் நீரை இழுக்கும் இம்பெல்லர் ரப்பர், சேறும் மணலுமான நம் கடலில் சீக்கிரம் தேயும். அந்தச் சிறு ரப்பருக்காகச் சென்னையில் இருந்து பார்சல் வரும்வரை படகு கரையில் காயக்கூடாது. மல்லிப்பட்டினத்து மெக்கானிக்குக் கைப்பழக்கமான இன்ஜின் எதுவோ, அதற்கு என் ஓட்டு. புதிதாய் வாங்கினால் முதல் ஆயில் மாற்றம் பெரும்பாலும் 20 மணி நேரத்தில், பிறகு 100 மணிக்கு ஒருமுறை. உப்பு நீரில் ஓட்டினால் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவவேண்டும்.

மோட்டார் தண்டின் நீளமும் ஒரு காலம். 15 அங்குலம், 20 அங்குலம் என்று வரும். படகின் பின்பலகை உயரத்தை டேப் வைத்து அளந்து அதற்குப் பொருந்துவதை வாங்கவேண்டும். பிராண்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தண்டு பொருந்தாவிட்டால் வீண்.

மார்க் போட்டுக் கூட்டலாமா?

பலர் ஒவ்வொரு காலத்துக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டுக் கூட்டி, முதல் ரேங்க் வாங்கியதை வாங்கிவிடுகிறார்கள். டிவிக்கு அது சரி. படகுக்கு ஆபத்து. விலையிலும் அழகிலும் பத்துக்குப் பத்து வாங்கிய படகு, எடை தாங்குவதில் இரண்டு வாங்கினாலும் கூட்டலில் மேலே வந்துவிடும். முதலில் டேட்டா மெனுவில் ஆட்டோ ஃபில்டரை வைத்து, தரப் பிரிவு, எடை, மிதக்கும் தன்மை, பதிவுக்கான காகிதங்கள் இந்த நான்கில் "இல்லை", "தேறாது" என்று வந்த வரிசைகளை மறையுங்கள். மிச்சத்துக்கு மட்டும் மார்க் போடுங்கள். பதிவு பற்றி ஒரு வார்த்தை: உள்நாட்டு நீர்நிலைகளில் ஓடும் இன்ஜின் படகுகளுக்கு 1917ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2021இல் புதிய சட்டம் வந்துள்ளது. கடலுக்கு விதிகள் தனி. எந்த அலுவலகத்தில் எந்தக் காகிதம் என்று டீலர் எழுதிக் கொடுக்கட்டும்.

மைத்துனரின் பட்டியலில் பதினொரு வரிசை இருந்தது. ஃபில்டர் போட்டபின் நான்கு மிஞ்சியது. விலைக் காலத்தின் கடைசியில் ஆறு லைஃப் ஜாக்கெட், நங்கூரம், டிரெய்லர், இன்சூரன்ஸ் எல்லாம் கூட்டியதில் கைக்காசைத் தாண்டாமல் நின்றவை இரண்டு. அந்த இரண்டையும் லேண்ட்ஸ்கேப்பில் ஒரே தாளில் பிரின்ட் எடுத்தோம். ஃபைல் மெனுவில் பிரின்ட் ப்ரிவியூ பார்த்துவிட்டு எடுங்கள், இல்லாவிட்டால் கடைசிக் காலம் மட்டும் தனித் தாளில் வரும். ஓரத்தில் பேனாவால் எழுத இடம் விட்டிருக்கிறோம். ஆறு பேரை ஏற்றித் தண்ணீரில் ஓட்டிப் பார்த்தபின் நிரப்பவேண்டிய காலம் அது. டீலர் சோதனை ஓட்டத்துக்கு ஒரு நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்.