கரிசல் முற்றத்துக்கு வாட்டம் முக்கியம்

அரியலூர்ப் பக்கம் கரிசல் மனையில் வீடு கட்டியவர்களுக்கு இது தெரியும்: கோடையில் முற்றம் பாளம் பாளமாக வெடிக்கும், ஐப்பசி மழையில் அதே மண் உப்பி, செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. கரிசலில் உள்ள மான்ட்மோரிலோனைட் என்ற களிமண் கனிமமே காரணம். அதன் மெல்லிய அடுக்குகளுக்குள் நீர் புகுந்தால் மண் விரியும், காய்ந்தால் சுருங்கும். அஸ்திவாரத்தின் ஒரு பக்கம் ஈரம், மறுபக்கம் காய்ச்சல் என்றிருந்தால் சுவர் விரிசல் விடும். ஆகவே புல்தரைக்கும் ஊஞ்சலுக்கும் முன்னால் தண்ணீர் போகும் வழியைத் தீர்மானிக்க வேண்டும்.

1,000 சதுர அடி மொட்டைமாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 9,300 லிட்டர் இறங்கும். அதைச் சுவரோரம் நிற்கவிடாமல் விரட்டுவது வாட்டம். சுவரிலிருந்து முதல் 10 அடிக்குள் தரை அரை அடி இறங்கட்டும். கொத்தனாரின் ட்யூப் லெவல் போதும், இதைச் சரிபார்க்க.

மண்ணுக்குள் ஊறும் நீருக்கு ஜல்லி வடிகால். அமெரிக்கரான ஹென்றி பிளாக் பிரெஞ்ச் 1859-இல் பண்ணை வடிகால் பற்றிய தன் நூலில் விளக்கிய முறை இது. ஓர் அடி அகலம், இரண்டடி ஆழத்தில் வாட்டத்தோடு பள்ளம் தோண்டி, நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் இழைத்துணியை விரிக்க வேண்டும். மேலே கொஞ்சம் முக்கால் ஜல்லி, அதன்மேல் துளையிட்ட 4 அங்குல பிவிசி குழாய், துளைகள் கீழ்நோக்கி. மீண்டும் ஜல்லி நிரப்பித் துணியை மடித்து மூட வேண்டும். துணி இல்லையென்றால் களி புகுந்து ஜல்லியை அடைத்துவிடும்.

குழாய் முடிவது உறிஞ்சு குழியில். 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆனால் கரிசல் நீரை மெதுவாகத்தான் இழுக்கும். களியைத் தாண்டிச் சுக்கானோ சரளையோ தட்டும்வரை குழி இறங்கினால்தான் பயன். வீட்டிலிருந்து 10 அடியாவது தள்ளி இருக்கட்டும். வாய்க்குக் கனமான மூடி கட்டாயம்.

குழந்தைகள் விளையாடும் இடத்தை மேட்டில் வையுங்கள். அடியில் ஜல்லி, துணி, அதன்மேல் ஓர் அடிக்குக் குறையாமல் கழுவிய மணல். எம்-சாண்ட் இறுகிவிடும், விழும் பிள்ளைக்கு அது மெத்தையாகாது. இரவில் வலையால் மூடினால் பூனைத் தொல்லை இல்லை. மேற்கில் ஒரு புங்கை வைத்தால் மாலை வெயில் மறையும். ஆனால் மரம் சுவரை ஒட்டி வேண்டாம், வேர் ஈரத்தை இழுத்துக் கரிசலைச் சுருக்கும்.

அடுத்த மழையில் குடையோடு முற்றத்தில் நின்று, தண்ணீர் தேங்கும் இடங்களில் குச்சி நட்டு வையுங்கள். நர்சரிக்குப் போவது அதற்கப்புறம் இருக்கட்டும்.