சிறைவாசலில் ஓர் உம்மா

 

ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கி வந்தேன். குடையும் பொலித்தீன் பையுமாக ஒரு ராத்தா கேற்றடியில் நின்றிருந்தார். சலாம் சொல்லி முடிப்பதற்குள் கண்கள் நிறைந்துவிட்டன.

"மௌலவி, எண்ட மகன ஊர்காவற்றுறைக் கோட்டில நிப்பாட்டி உள்ளுக்குப் போட்டுட்டாங்களாம். எந்த ஜெயில், எத்தின நாள், ஒண்டும் தெரியா. நீங்க படிச்ச மனிசர், சொல்லுங்க."

அனுமதிப்பத்திரம் இல்லாமல் மணல் ஏற்றிய டிப்பரில் அந்தப் பையன் உதவியாளாகப் போயிருக்கிறான். வேலணைப் பக்கம் பொலிஸார் மறித்துப் பிடித்துவிட்டார்கள். நான் படித்தது அரபுக் கல்லூரியில். ஃபிக்ஹுக் கிதாபுகளில் சிறை பற்றிய பாடம் உண்டு. ஒரு தாய் எந்த வாசலில் போய் யாரைக் கேட்பது என்ற பாடம் இல்லை. "விசாரித்துச் சொல்கிறேன் ராத்தா" என்றுதான் அன்று சொல்ல முடிந்தது. அப்படி விசாரித்து அறிந்தவற்றையே உங்கள் முன் வைக்கிறேன். நம் வீட்டுக்கு இதெல்லாம் வராது என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்த ராத்தாவும் அப்படித்தான் இருந்தார்.

தீவகத்துக்குச் சிறை புதிதல்ல. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலுக்குள் நிற்கிறதே கடற்கோட்டை, அதைப் போர்த்துக்கேயர் கட்டினர். 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது உள்ளிருந்தோர் குடிக்கத் தண்ணீரில்லாமல் பணிந்தனர். இலங்கையைப் பன்றித் தொடை வடிவாகக் கண்ட ஒல்லாந்தர், அதன் குதிகால் என்ற பொருளில் 'ஹம்மன்ஹீல்' என்று பெயரிட்டனர். அவர்கள் காலந்தொட்டு அது சிறையாகப் பயன்பட்டது. ஆங்கிலேயர் காலத்தில் தொற்றுநோயாளருக்கான வைத்தியசாலையாகவும் இருந்தது. 1971 கிளர்ச்சியின்போது பிடிபட்ட இளைஞர்களும் அங்கே அடைக்கப்பட்டனர். இன்று கடற்படை அதை உல்லாச விடுதியாக நடத்துகிறது. மனிதர் தண்ணீருக்குத் தவித்த இடத்தில் இப்போது குளிர்பானம் பரிமாறுகிறார்கள்!

இன்று தீவகத்தில் சிறைச்சாலை கிடையாது. பொலிஸ் நிலையங்களும் ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றமும் இருக்கின்றன. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டப்படி, சாதாரண வழக்கில் பிடிபட்டவரை 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் அதில் சேராது. நெடுந்தீவில் ஒருவரைப் பிடித்தால் படகில் குறிகட்டுவான் துறைக்கு வந்து, அதன் பிறகல்லவா ஊர்காவற்றுறை? கடல் கொந்தளித்தால் அந்தப் பயணம் எவ்வளவு நீளும் என்பது தீவுப் பெண்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நீதவான் விளக்கமறியல் என்று உத்தரவிட்டால் அவரை யாழ்ப்பாணச் சிறைச்சாலைக்குக் கொண்டு செல்வார்கள். நெடுந்தீவுக் கடலில் பிடிபடும் தமிழ்நாட்டு மீனவர்கள் செல்வதும் பெரும்பாலும் இதே வழியில்தான். இராமேசுவரத்திலும் நாகப்பட்டினத்திலும் அவர்களுடைய தாய்மார் கடலுக்கு அப்பால் நின்று அழுகிறார்கள். நம் ராத்தாவுக்காவது பண்ணைப் பாலம் தாண்டினால் யாழ்ப்பாணம் வந்துவிடும்.

யாழ்ப்பாணச் சிறை தனித்து இயங்குவது அல்ல. நாடு முழுவதுக்கும் ஒரே சிறைச்சாலைகள் திணைக்களம்தான். அது 1905இல் தனித் திணைக்களமாயிற்று. அதன் அடிப்படைச் சட்டமோ இன்னும் பழையது: 1877ஆம் ஆண்டின் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம். அமைச்சுகள் மாறி மாறி வந்து இப்போது நீதி அமைச்சின் கீழ் இருக்கிறது. கொழும்பிலே ஆணையாளர் நாயகம். ஒவ்வொரு சிறைக்கும் ஓர் அத்தியட்சகர். அவருக்குக் கீழே பிரதான ஜெயிலர், ஜெயிலர்மார், காவலர்கள். கைதியின் குடும்பத்தோடு பேசுவதற்கென்றே நலன்புரி உத்தியோகத்தர் இருக்கிறார். சிறைக்குப் போகும் தாய்மார் முதலில் கேட்க வேண்டியது இவரைத்தான். பலர் காவலரிடம் கேட்டுவிட்டுத் திரும்பி விடுகிறார்கள்.

நீண்ட காலத் தண்டனை பெற்றோருக்கு வெலிக்கடை, மஹர போன்ற பெருஞ்சிறைகள் உண்டு. கண்டி போகம்பறையில் இருந்த சிறை மூடப்பட்டு, கைதிகள் பல்லேகலைக்கு மாற்றப்பட்டனர். விசாரணை முடியாதவர்களுக்கு விளக்கமறியல் சிறைகள், நன்னடத்தையுள்ளோருக்கு மதிலில்லாத திறந்தவெளி முகாம்கள், இளங்குற்றவாளிகளுக்குப் பயிற்சி நிலையங்கள் எல்லாம் இருக்கின்றன. கைதியை ஒரு சிறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் அதிகாரம் திணைக்களத்துக்கு உண்டு. இதனால்தான் வடக்கில் பிடிபட்ட ஒருவரைப் பார்க்க அநுராதபுரத்துக்கோ கொழும்புக்கோ போக நேர்கிறது.

இவ்வளவு ஏற்பாடும் இருக்கிறது, இடம்தான் இல்லை. சுமார் 13,000 பேருக்கு அமைந்த சிறைகளில் 25,000க்கு மேற்பட்டோர் நெருக்கிக்கொண்டு இருக்கிறார்கள். 2023 டிசம்பரில் 'யுக்திய' என்ற போதைப்பொருள் தேடுதல் தொடங்கிய பிறகு அந்தத் தொகை 30,000ஐ எட்டியது. மனித உரிமைகள் ஆணைக்குழு 2020இல் வெளியிட்ட சிறை ஆய்வு, கைதிகள் முறைவைத்து உறங்குவதைக்கூடச் சொல்கிறது. அதே ஆண்டு நவம்பரில், கொரோனா அச்சத்துக்கு நடுவே மஹர சிறையில் கலவரம் மூண்டு 11 கைதிகள் மாண்டனர். 2012 நவம்பரில் வெலிக்கடையில் 27 பேர். அதே வெலிக்கடையில் 1983 ஜூலையில் இரண்டு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டதை எந்தத் தமிழ்க் குடும்பம் மறக்கும்? அரசின் கையில் ஒப்படைக்கப்பட்டவர்கள் அவர்கள்.

உள்ளே இருப்பவர்கள் யார் என்று பார்த்தால், பாதிக்கு மேற்பட்டோர் தண்டனை பெற்றவர்களே அல்லர்! வழக்கு முடியுமட்டும் காத்திருப்பவர்கள். 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை வழங்குவதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்கிறது. போதைப்பொருள், பயங்கரவாதத் தடைச் சட்டம் போன்றவற்றில் மட்டும் அது நீதவானின் கையில் இராது. மேலுள்ள நீதிமன்றங்களுக்குப் போக வேண்டும்.

நம் பையனின் விஷயத்தில் நீதிமன்றப் பதிவாளர் காரியாலயத்தில் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீதவான் அன்றைக்கே பிணை கொடுத்துவிட்டார்! இரண்டு பேர் சரீரப் பிணைக்குக் கையொப்பமிட வேண்டும், ஒருவரும் வரவில்லை. டிப்பர்காரர் தமக்கு ஆள் கொண்டுவந்து ஒப்பமிடுவித்துப் போய்விட்டார். உம்மாவுக்குச் சொல்ல எவருமில்லை. ஆக, அந்தப் பிள்ளையை உள்ளே வைத்திருந்தது இரண்டு கையொப்பங்களின் குறை மட்டுமே.

இந்த இடத்தில் இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களை நினைத்துக்கொண்டேன். அவர்களின் ஆசான் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களைக் கலீஃபா மன்சூர் சிறையிலிட்டார். ஹிஜ்ரி 150இல் அங்கேயே வஃபாத்தானார்கள் என்று வரலாற்றாசிரியர் பலர் எழுதியுள்ளனர். மாணவர் பிற்காலத்தில் கலீஃபா ஹாரூன் ரஷீதின் தலைமை காழியானார். கலீஃபாவுக்காக அவர் எழுதிய 'கிதாபுல் கராஜ்' என்ற நூலில் வரி, நிலம் என்பவற்றோடு சிறைக்கும் இடம் கொடுத்தார். கைதிகளுக்கு ரொட்டியாகக் கொடுத்தால் காவலர் கைவைப்பர், எனவே பெயர்ப்பட்டியல் எழுதி நம்பிக்கையான ஒருவர் மூலம் மாதந்தோறும் பணமாகக் கொடுக்க வேண்டும் என்றார். கோடைக்கும் குளிருக்கும் வேறு வேறு உடை, பெண் கைதிகளுக்கும் அவ்வாறே. சங்கிலியோடு வீதியில் பிச்சையெடுக்க விடலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வழக்குகளை நாள்தோறும் பாருங்கள், பாராமல் விடுவதால்தான் சிறை நிரம்புகிறது என்பது அவர் கருத்து. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய பேச்சு இது!

நம் சட்டத்திலும் சிறையைப் போய்ப் பார்ப்பதற்குச் சபை உண்டு. நீதவான்களும் பாராளுமன்ற உறுப்பினர்களும் எந்தச் சிறைக்குள்ளும் சென்று பார்க்கலாம். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடம், கடைசியாக எப்போது யாழ்ப்பாணச் சிறைக்குள் போனீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

பெண் கைதிகளைத் தனிப் பகுதியில் பெண் காவலர் பொறுப்பில் வைப்பார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை தாயோடு இருக்கலாம். விளக்கமறியலில் உள்ளவர் தம் சொந்த உடையை உடுக்கவும் வீட்டுச் சாப்பாடு பெறவும் இடமுண்டு. தண்டனைக் கைதியைவிட அவரை அடிக்கடி பார்க்கலாம். போகும்போது தேசிய அடையாள அட்டையை மறக்க வேண்டாம். நோன்புப் பெருநாளன்று முஸ்லிம் கைதிகளை உறவினர் சந்திக்க அண்மைக் காலமாக விசேட அனுமதி கொடுத்து வருகிறார்கள். ஒருவருக்குப் போதுமான உணவு கொண்டுபோகலாம்.

தண்டப்பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தண்டனைக் கைதியாக உள்ளே வருவோரில் பாதிக்கு மேற்பட்டோர் தண்டப்பணம் கட்ட முடியாத ஏழைகள். தவணை கேட்க இடமுண்டு. சிறைக்குப் போன பின்பும் பணத்தைக் கட்டிவிட்டால் விடுதலைதான். சிறு குற்றங்களுக்குச் சிறைக்குப் பதில் சம்பளமில்லாத சமுதாய வேலை வழங்க 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. சட்டத்தரணி மூலம் கேட்கலாம். இத்தகையோரை ஸகாத்தின் கடனாளிகள் பங்கில் சேர்க்கலாமா என்று ஒரு சகோதரி கேட்டார். அது உலமாக்கள் கூடிப் பேச வேண்டிய மஸ்அலா. ஸதகாவுக்குத் தடையே இல்லை.

ராத்தாவின் மகனுக்கு ஒரு மாமாவும் பள்ளிவாசல் நிர்வாகி ஒருவரும் முன்வந்தனர். கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடக் கடிதம் எடுக்க ஒரு நாள் போயிற்று. மறுநாள் வெள்ளிக்கிழமை. அன்று பின்னேரத்துக்குள் கட்டளை சிறைக்குப் போய்ச் சேராவிட்டால் திங்கள் வரை காத்திருக்க வேண்டும் என்றார்கள். ஜும்ஆ முடிந்த கையோடு ஓடினோம்.

ஐந்து மணியளவில் பையன் வெளியே வந்தான். உம்மா பொலித்தீன் பையைப் பிரித்து, பதினொரு நாட்களாகக் கொண்டு திரிந்த சாரத்தை அவனிடம் கொடுத்தார்.