பள்ளித்தாமம்

தமிழில் மலரைப் பற்றிய சொற்கள் பல. அரும்பு, போது, மலர், வீ எனப் பூவின் பருவந்தோறும் ஒரு பெயர் உண்டு. தொடுத்த மாலைக்கும் அவ்வாறே. தலையிற் சூடுவது கண்ணி; மார்பில் அணிவது தார். இவ்வரிசையில் இன்று பலரும் அறியாத சொல் ஒன்று உளது. அதுவே ‘பள்ளித்தாமம்’ என்பது.

பள்ளி என்னும் சொல் இடம், படுக்கை, கோயில், கல்விச்சாலை முதலிய பொருள்களைத் தரும். தாமம் என்பது வடமொழியிலிருந்து வந்தது. கயிறு, மாலை என்னும் இரு பொருள்களை உடையது. இறைவனுக்குச் சாத்தும் மாலையே பள்ளித்தாமம். திரு என்னும் அடைமொழி சேர்த்துத் திருப்பள்ளித்தாமம் என்றும் வழங்குவர்.

சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் இச்சொல் பயின்று வருகின்றது. நந்தவனம் அமைக்கவும், மாலை தொடுப்பார்க்கு ஊதியம் அளிக்கவும் மன்னரும் மக்களும் நிலமும் பொன்னும் வழங்கினர். மாலை தொடுத்தலை மட்டுமன்றிப் பூக்கொய்தலையும் ‘திருப்பள்ளித்தாமம் பறித்தல்’ என்றே கூறினர். செடியில் மாலை ஏது? இறைவனுக்கென்று கருதிய பூ, தொடுக்கப்படுவதற்கு முன்னரே மாலையின் பெயரைப் பெற்றுவிட்டது!

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்திலும் இச்சொல்லைக் காணலாம். கருவூரில் சிவகாமியாண்டார் கொணர்ந்த பூக்கூடையை அரசனது பட்டத்து யானை பறித்துச் சிந்தியது. அதுகண்ட எறிபத்தர் யானையையும் பாகரையும் வெட்டி வீழ்த்தினார். செய்தியறிந்து வந்த புகழ்ச்சோழர், பிழை தம்முடையதே எனக் கருதித் தம்மையும் கொல்லுமாறு தம் வாளையே நீட்டினார். ஒரு கூடைப் பூவை அக்காலத்தார் எவ்வளவு பெரிதாக மதித்தனர் என்பது இதனால் விளங்கும்.

தஞ்சை மாவட்டத்துத் திருப்பனந்தாளின் தலவரலாறும் இங்கு எண்ணத்தக்கது. தாடகை என்னும் பெண் இறைவனுக்கு மாலை சாத்தக் கைகளை உயர்த்தினாள். அப்போது அவளது ஆடை நெகிழ்ந்தது. அதனை முழங்கைகளால் இடுக்கிக்கொண்டு, மாலை சாத்த இயலாது வருந்தினாள். இறைவன் தலைசாய்த்து அதனை ஏற்றான் என்பர். சாய்ந்த திருமேனியை நிமிர்த்த அரசனது யானைகளாலும் இயலவில்லை. குங்கிலியக்கலய நாயனார் கயிற்றின் ஒரு முனையைத் தம் கழுத்திற் பூட்டி இழுக்க, அது நிமிர்ந்தது. சாய்த்தது மாலை, நிமிர்த்தது கயிறு. தாமம் என்னும் சொல்லின் இரு பொருளும் ஓரூர் வரலாற்றிலேயே அமைந்திருத்தல் வியப்பன்றோ?

இன்று நாம் எல்லாவற்றையும் மாலை என்ற ஒரு சொல்லாலேயே குறிக்கின்றோம். பூப்பறித்தும் தொடுத்தும் வாழ்ந்த எளியோரின் தொழிலைக் கல்லிலே நிலைநிறுத்திய சொல் பள்ளித்தாமம். அதனை மறந்தால் அவர்களையும் மறந்தவராவோம். ஆதலின், பழஞ்சொற்களின் பொருளறிந்து போற்றுதல் நம் கடமையாகும்.