புளியும் தாமிரமும்

மாட்டுங்கா மார்க்கெட்டில் புளி வாங்கும்போது கொட்டை எடுத்ததா, நார் உள்ளதா என்று பார்க்கிறோம். இடக்கைப் புளியா, வலக்கைப் புளியா என்று யாரும் கேட்பதில்லை. கேட்கலாம் என்கிறது ரசாயனம்.

புளிக்குப் புளிப்பைத் தருவது டார்டாரிக் அமிலம். இதன் மூலக்கூறுக்கு ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான இரண்டு உருவங்கள் உண்டு. நம் இரண்டு கைகளைப் போல, எப்படித் திருப்பினாலும் ஒன்று மற்றதன்மேல் பொருந்தாது. புளியமரம் இவற்றில் ஒன்றைத்தான் செய்கிறது. திராட்சைக் கொடியும் அதையே செய்கிறது.

இதைக் கண்டுபிடித்தவர், பிற்பாடு வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி கண்ட அதே லூயி பாஸ்டர். 1848-ல் பாரிஸில், இரு உருவங்களும் கலந்த அமிலத்தின் உப்பைப் படிகமாக்கினார். இருவகைப் படிகங்கள் விளைந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தனித்தனியே பிரித்தார். அப்போது வயது 25. அதிர்ஷ்டமும் துணை நின்றது: ஏறக்குறைய 27 டிகிரிக்கு மேல் சூடிருந்தால் அந்த உப்பு அப்படிப் பிரியாது. மே மாதத்து மும்பையில் செய்திருந்தால் வெறுங்கையோடுதான் எழுந்திருப்பார்!

பொதுவாக இத்தகைய கலவைகள் பிரிவதில்லை. பத்தில் ஒன்று பிரிந்தால் அதிகம். காரணத்தைத் தாராவியில் செருப்பு செய்பவர்களிடம் கேட்டால் போதும். பெட்டியில் வைக்கும்போது இடது செருப்பையும் வலது செருப்பையும் அடியோடு அடி சேர்த்து, தலைமாற்றி வைத்தால் இடம் மிச்சம். படிகத்துக்குள் மூலக்கூறுகளும் அப்படித்தான் ஜோடி சேர்கின்றன.

ஆனால் கோயில் வாசலில் கழற்றி விட்ட செருப்புகளைப் பாருங்கள். எல்லாம் அடிப்பாகம் தரையைத் தொட்டபடி கிடக்கும். உலோகத்தின்மேல் ஒரே அடுக்காகப் படியும் மூலக்கூறுகளின் நிலையும் இதுவே. ஒரு முனையால் உலோகத்தைப் பற்றிக்கொண்ட பிறகு கவிழ்ந்து ஜோடி சேர வழியில்லை. ஆகவே இடது இடதோடும், வலது வலதோடும் வரிசை கட்டும் வாய்ப்பு கூடுகிறது. எப்போதும் அப்படியே நடக்கும் என்று சொல்வதற்கில்லை.

செம்புக் குடத்தைப் புளி போட்டு விளக்குவது நம் வீட்டு வழக்கம். அதே இரண்டு பொருள்களை லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ராஸ்மிதா ராவல் குழுவினர் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். காற்று நீக்கிய கலத்தில், சுத்தமான தாமிரப் பரப்பில், டார்டாரிக் அமிலத்தை ஒரு மூலக்கூறு கனத்துக்குப் படியவிட்டார்கள். ஊசிமுனை நுண்ணோக்கியில் பார்த்தால் (1981-ல் பின்னிக், ரோரர் இருவரும் உருவாக்கியது) புளியிலுள்ள உருவம் ஒரு பக்கம் சாய்ந்த வரிசைகளாக நின்றது. அதன் பிம்பம் மறுபக்கம் சாய்ந்தது. அந்தத் தாமிரப் பரப்புக்கு இடம் வலம் என்ற பேதமே கிடையாது! 2000-ல் இது வெளியாயிற்று.

2004-ல் ஸ்விட்சர்லாந்தில் கார்ல்-ஹைன்ஸ் எர்ன்ஸ்ட் குழு இன்னும் வேடிக்கையானதைக் கண்டது. சக்ஸினிக் அமிலத்துக்கு இடம் வலம் இல்லை. தாமிரத்தில் அது இரு பக்கமும் சரிசமமாகச் சாய்ந்து படியும். அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு டார்டாரிக் அமிலம் சேர்த்தால் போதும், முழுப் படையும் ஒரே பக்கம் சாய்ந்துவிடுகிறது.

இதெல்லாம் நமக்கெதற்கு என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. காசநோய்க்குத் தரும் எத்தாம்பியூட்டால் நம்மில் பல குடும்பங்கள் அறிந்த மாத்திரை. அதன் ஓர் உருவமே கிருமியை அடக்கும். பிம்பம் சில நூறு மடங்கு வலுக் குறைந்தது. (பார்வையோ நிறமோ மங்கினால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.) அதன் மூலப்பொருளில் வேண்டிய உருவத்தைப் பிரித்தெடுக்க டார்டாரிக் அமிலத்தோடு உப்பாக்கிப் படிகமாக்குவார்கள். அதாவது பாதிச் சரக்கு ஒதுக்கப்படுகிறது. வேண்டியதை மட்டும் முதலிலேயே செய்ய முடியுமா? ஜப்பானில் இசுமியும் சகாக்களும் 1960-களிலேயே நிக்கல் உலோகத்தை டார்டாரிக் அமிலத்தில் ஊறவைத்து, வேறு சில பொருள்களில் ஓர் உருவத்தையே பெருமளவு விளைவித்தார்கள். அந்த நிக்கல் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு விடை தேடித்தான் லிவர்பூலில் தாமிரத்தை எடுத்தார்கள்.