நோன்புக் கஞ்சியும் நம் பிள்ளைகளும்

ரமலான் மாதத்தில் நம் வீடுகளில் தினமும் மாலை ஒரு சிறு சண்டை நடப்பதுண்டு. மஃரிப் பாங்கு சொன்னதும் பெரியவர்கள் நாம் பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டுக் கஞ்சிக் கோப்பையை எடுப்போம். பிள்ளைகளோ சமோசாவையும் கோலாவையும் எடுத்துக்கொண்டு, "கஞ்சி வேண்டாம், கொழகொழன்னு இருக்கு" என்று முகம் சுளிப்பார்கள். ஊரில் பள்ளிவாசல் வாசலில் தூக்குவாளியுடன் வரிசையில் நின்று வளர்ந்த நமக்கு வருத்தமாகத்தான் இருக்கும். (அந்த வரிசையில் இந்து, கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகளும் நின்றார்கள். ஆகவே இக்கட்டுரை நோன்பு வைக்காத குடும்பங்களுக்கும் சேர்த்துத்தான்!)

உண்மையைச் சொன்னால், நமக்கும் அது பிறவியிலேயே பிடித்த சுவை அல்ல. மாதம் முழுக்க, பசித்த வயிற்றோடு, சுற்றியிருந்த எல்லோரும் குடிக்கப் பார்த்துப் பழகியது. புதிய உணவு ஒன்று பிள்ளைகளின் நாவுக்குப் பழக எட்டு, பத்து தடவையாவது அதைச் சுவைக்க வேண்டியிருக்கும் என்கிறார்கள் உணவியல் வல்லுநர்கள். இங்கே நாம் வாரக் கடைசியில் மட்டும் கஞ்சி காய்ச்சிவிட்டு, பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். தினமும் இரண்டு மூன்று கரண்டி மட்டும் கொடுங்கள், போதும். வற்புறுத்த வேண்டாம். "கஞ்சி குடித்தால்தான் கோலா" என்ற பேரமும் வேண்டாம். கஞ்சி தண்டனையாகவும் கோலா பரிசாகவும் மனதில் பதிந்துவிடும். புதினா ஆய்வதைப் பிள்ளைகளிடம் விட்டுப் பாருங்கள்.

பகலெல்லாம் தண்ணீர்கூட இல்லாமல் இருந்த உடம்புக்கு முதலில் வேண்டியது நீர். கஞ்சியில் பெரும்பகுதி நீர்தான். கூடவே கொஞ்சம் உப்பு, எளிதில் செரிக்கும் மாவுச்சத்து, பருப்பிலும் கறியிலும் புரதம். ரமலான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்வதால் ஒரு காலத்தில் கோடையிலும் வரும். 2015, 2016ஆம் ஆண்டுகளில் ஜூன் மாதத்தில் வந்தபோது லண்டனில் இருந்தவர்கள் 18 மணி நேரம் நோன்பிருந்தார்கள். அத்தனை நேரம் காய்ந்த வயிற்றில் எண்ணெய்ப் பலகாரத்தை முதலில் இறக்கினால் நெஞ்செரிச்சல் வராமல் என்ன செய்யும்?

நாலைந்து பேருக்கு ஒரு கோப்பை நொய்யரிசி, கால் கோப்பை பாசிப்பருப்பு, ஒரு தேக்கரண்டி வெந்தயம் போதும். பட்டை, கிராம்பு, ரம்பை இலை தாளித்து, வெங்காயம், இஞ்சி பூண்டு, தக்காளி, பச்சைமிளகாய், புதினா, நூறு கிராம் கொத்துக்கறி, கேரட் என்று வதக்கி, எட்டுக் கோப்பை நீர் விட்டுக் குக்கரில் குழைய விடுங்கள். தேங்காய்ப்பாலைக் கடைசியில் சேர்த்து, கொதிக்குமுன் இறக்கவும். கொழகொழப்பு பிடிக்காத பிள்ளைகளுக்கு வெந்நீர் கலந்து தளர்த்திக் கொடுத்தால் சூப் போலக் குடித்துவிடுவார்கள்.

இனி முக்கியமான எச்சரிக்கை. "கஞ்சி உடம்புக்கு நல்லது" என்று சர்க்கரை நோயாளிகள் மூன்று கோப்பை குடிப்பதைப் பார்க்கிறோம். குழைந்த நொய் இரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். ஒரு சிட்டிகை வெந்தயம் அதைத் தடுத்துவிடாது. அவர்களுக்கு அரிசியைப் பாதியாக்கிப் பருப்பைக் கூட்டி, ஒரு சிறு கோப்பையோடு நிறுத்துங்கள். பெரிய பேரீச்சம்பழம் ஒன்றிலேயே 15 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருப்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பகலில் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து. அளவு 70க்குக் கீழே (சில நாடுகளின் கருவிகளில் 3.9) இறங்கினாலோ, 300க்கு மேல் (16.6) ஏறினாலோ நோன்பை உடனே முறித்துவிட வேண்டும். "இன்னும் அரை மணி நேரம்தானே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது உயிருக்கே ஆபத்து. மாத்திரை, இன்சுலின் நேரத்தை நாமே மாற்றக்கூடாது. ரமலானுக்கு ஆறு வாரம் முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.

நோயாளிகளுக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. நோன்பு வைக்க முடியாத தாத்தா பாட்டியும் மாலையில் கஞ்சிக்கு எல்லோருடனும் உட்காரட்டும். இரத்த அழுத்தம் இருந்தால், சமைக்கும்போது உப்பைப் பாதியாகப் போட்டு, அவர்கள் பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மற்றவர்களுக்கு மீதி உப்பைச் சேருங்கள்.