இயங்க மறுக்கும் வள்ளத்து இயந்திரம்: முதலில் எதைப் பார்ப்பது?

மாரி காலத்து விடியற்காலை ஒன்றில் களப்போரத்து இறங்குதுறையில் நாம் நின்றிருந்தோம். வயற்காணி இன்னமும் கைக்கு வந்து சேராத மூன்று விவசாயக் குடும்பங்கள், பொதுவாக வாங்கிய ஒரு சிறு வள்ளத்தை முறை வைத்து எடுத்து, இறால் பிடித்துச் சீவித்து வந்தன. வள்ளத்தின் பின்புறத்தில் வண்ணம் உரிந்த பழைய வெளியிணைப்பு இயந்திரம். இளைஞர் ஒருவர் அதன் கயிற்றை நாற்பது தடவைக்கு மேல் இழுத்துக் களைத்துப்போயிருந்தார். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

“நேற்றுப் பின்னேரம் நான் வடிவாய் ஓடிக்கொண்டு வந்த மெசின். இரவிலை ஆரோ கை வைச்சிட்டினம்” என்றார் அவர். மற்ற இரு குடும்பத்தாரின் முகமும் மாறிற்று.

கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த முதிய கடற்றொழிலாளர் ஒருவர் எழுந்து வந்து ஒரு கேள்வி கேட்டார்: “தம்பி, நேற்று எதிலை ஓடி நிப்பாட்டினனீர்?”

“மண்ணெண்ணெயிலைதான் ஐயா.”

“அப்ப மெசினிலை பிழையில்லை.”

பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். மண்ணெண்ணெயில் நனைந்திருந்தது. காபரேற்றரின் அடியில் தேங்கிக் கிடந்த மண்ணெண்ணெயை வடியவிட்டு, பிளக்கைத் துடைத்து உலர்த்தி, பெற்றோலைத் திறந்து இழுத்தபோது மூன்றாவது இழுப்பில் இயந்திரம் ஓடத் தொடங்கியது. வலை தூக்கப் பிந்தியதால் அன்றைய இறால் நல்ல விலைக்குப் போகவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய நட்டமொன்று தவிர்ந்தது. ஒருவரை ஒருவர் சந்தேகித்து அந்தக் கூட்டு உடைந்திருக்கும்.

காலையில் இயங்க மறுக்கும் இயந்திரம் பெரும்பாலும் முதல் நாள் மாலையிலேயே கெடுக்கப்பட்டுவிடுகிறது. இதனை உணர்ந்து ஒழுங்குமுறையாகத் தேடினால், பல பழுதுகளை ஒரு பிளக் சாவியும் துணித்துண்டும் கொண்டு நாமே நீக்கிவிடலாம்.

மண்ணெண்ணெயின் குணம்

தோட்டத்தில் நீரிறைக்கும் இயந்திரம் வைத்திருந்தவர்களுக்கு இது புதிய பாடமன்று. பெற்றோல் குளிரிலும் எளிதில் ஆவியாகும். மண்ணெண்ணெய் சூடான இயந்திரத்தில்தான் நன்றாக ஆவியாகும். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு மோட்டார் சைக்கிளை இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடியதை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வள்ளத்து மண்ணெண்ணெய் இயந்திரத்துக்கும் அதே விதிதான். பெற்றோலில் தொடங்கி, சில நிமிடம் ஓடிச் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். கரையை அண்மிக்கும்போது மீண்டும் பெற்றோலுக்கு மாற்றி, சில நிமிடம் ஓடிய பின்னரே நிறுத்த வேண்டும். அப்போது காபரேற்றரில் மறுநாளுக்கான பெற்றோல் நிற்கும்.

ஆனால் முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. தோட்டத்து இயந்திரங்கள் பலவற்றில் ஒயில் தனியாக அடியில் நிற்கும். பழைய வெளியிணைப்பு இயந்திரங்களிற் பெரும்பாலானவை இரு வீச்சு இயந்திரங்கள். அவற்றுக்கு ஒயிலை எரிபொருளுடனேயே கலக்க வேண்டும். பெற்றோல், மண்ணெண்ணெய் இரண்டிலும் கலக்க வேண்டும். கமத்திலிருந்து கடலுக்கு வந்த குடும்பமொன்று, பழைய பழக்கத்தில் வெறும் மண்ணெண்ணெயை ஊற்றி ஓடியதை நாம் கண்டோம். பிஸ்ரன் இறுகிவிட்டது. அந்தப் பழுதைத் துணித்துண்டால் நீக்க முடியவில்லை.

கலவை அளவு இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும். உங்கள் இயந்திரத்துக்கு உரிய அளவை விற்றவரிடம் அல்லது கைநூலில் அறிந்துகொள்ளுங்கள். 50க்கு 1 என்றால் ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் ஒயில். 25க்கு 1 என்றால் 40 மில்லிலீற்றர். 20க்கு 1 என்றால் 50 மில்லிலீற்றர். கண்மட்டத்தில் ஊற்றாமல், அளவு குறித்த சிறு போத்தல் ஒன்றை இதற்கென்றே வைத்திருங்கள்.

கயிற்றை இழுக்கும் முன்

முதலில் காசு செலவில்லாதவற்றைப் பாருங்கள். கியர் நியூற்றலில் இருக்கிறதா? நிறுத்தும் சாவியில் கொளுக்கி உள்ள இயந்திரமாயின், அது தன் இடத்தில் மாட்டப்பட்டிருக்கிறதா? எரிபொருட் தாங்கியின் மூடியிலுள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? இது மூடியிருந்தால் இயந்திரம் தொடங்கினாலும் சற்றுத் தூரம் போய் நின்றுவிடும். குளிர்ந்த இயந்திரத்துக்குச் சோக்கை இழுங்கள். சூடான இயந்திரத்துக்கு வேண்டாம். கயிற்றைத் திடீரென்று இழுக்காமல், மெதுவாக இழுத்து, பிடிப்பு வந்த இடத்திலிருந்து ஒரே வேகமாக இழுங்கள். பத்துத் தடவையில் பலன் இல்லையாயின் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் கையை நம்பாமல் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

பிளக் சொல்லும் சேதி

பிளக் உலர்ந்திருந்தால் எரிபொருள் உள்ளே வரவில்லை. குழாயின் நடுவிலுள்ள றப்பர் குமிழை அமுக்கிப் பாருங்கள். குமிழிலுள்ள அம்புக்குறி இயந்திரத்தை நோக்கியிருக்க வேண்டும். பல தடவை அமுக்கியும் குமிழ் இறுகவில்லையாயின் குழாயில் எங்கோ காற்று புகுகிறது. பொருத்துக்களையும் வெடித்த குழாயையும் தேடுங்கள். குமிழ் இறுகியும் பிளக் உலர்ந்தே இருந்தால் வடியோ காபரேற்றரின் நுண்துளையோ அடைத்திருக்கும். மாதக்கணக்கில் கிடந்த பெற்றோல் பசைபோற் படிந்து இத்துளையை அடைப்பதுண்டு.

எரிபொருளில் நீர் கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மழைக் காலத்தில் இது அடிக்கடி நேரும். காபரேற்றரின் அடித் திருகைத் தளர்த்தி, வடிவதை வெள்ளைப் போத்தலில் பிடித்துச் சற்று நேரம் வையுங்கள். நீர் பாரமானது, அடியில் மணிமணியாகத் தங்கும். அவ்வாறு கண்டால் தாங்கியின் அடியையும் வடித்துக் கழுவுங்கள். 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தபோது ஒவ்வொரு துளியின் பெறுமதியையும் நாம் அறிந்துகொண்டோம். மூடி சரியாக இறுக்காத ஒரு கலன் அந்தக் காசை மழைநீராக்கிவிடும்.

பிளக் நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது, ஆனால் எரியவில்லை. சோக்கைத் தள்ளிவிட்டு, பிளக் இல்லாமலே கயிற்றைச் சில தடவை இழுத்து மிகுதி எரிபொருளை வெளியேற்றுங்கள். அப்போது நிறுத்தும் கொளுக்கியைக் கழற்றி வையுங்கள். பிளக்கின் கரியைச் சிறு பித்தளைத் தூரிகையால் நீக்கி உலர்த்துங்கள்.

பின்னர் தீப்பொறியைச் சோதிக்கலாம். சிந்திய எரிபொருளை முற்றாகத் துடைத்து, ஆவி கலையச் சற்று நேரம் விட்டு, நிறுத்தும் கொளுக்கியை மீண்டும் மாட்டுங்கள். பிளக்கைத் தொப்பியில் செருகி, பிடியில் றப்பர் உள்ள குறட்டால் பிடித்து, அதன் இரும்பு உடலை இயந்திரத்தின் வெற்று உலோகத்தில் அழுத்தி வைத்து, ஒருவர் கயிற்றை இழுக்கட்டும். பிளக் துளைக்கு அருகில் இதைச் செய்யாதீர்கள். உள்ளிருந்து வரும் ஆவி தீப்பிடிக்கும். நீல நிறப் பொறி சத்தத்துடன் பாய்ந்தால் நல்லது. மங்கலாகவோ இல்லாமலோ இருந்தால் புதிய பிளக்கைப் போட்டுப் பாருங்கள். அதிலும் இல்லையாயின் நிறுத்தும் சாவியின் வயர், உப்புப் பிடித்த இணைப்புகள் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, திருத்துநரிடம் கொண்டு செல்லுங்கள்.

எரிபொருளும் பொறியும் சரியாக இருந்தும் இயங்கவில்லையா? பொறி பாயாதபடி நிறுத்தும் கொளுக்கியை மறுபடி கழற்றிவிட்டு, பிளக் துளையைப் பெருவிரலால் அடைத்துக் கயிற்றை இழுங்கள். விரலை உதறித் தள்ளும் அமுக்கம் வர வேண்டும். வராவிட்டால் ரிங் அல்லது கஸ்கற் தேய்ந்திருக்கிறது. இது திருத்துநரின் வேலை. ஆனால் அவரிடம் போகும்போது “ஓடுதில்லை” என்று மட்டும் சொல்லாமல், “பொறி இருக்கு, எண்ணெய் வருகுது, அமுக்கம் இல்லை” என்று உங்களால் சொல்ல முடியும். வேண்டாத சாமானுக்குக் காசு கொடுக்கும் நிலையும் குறையும்.

கரைக்கு வந்ததும்

பெற்றோலில் ஓடி நிறுத்துங்கள். இயந்திரத்தை நல்ல கிணற்று நீர் நிரம்பிய பரலில் இறக்கிச் சில நிமிடம் ஓடவிட்டு உப்பைக் கழுவுங்கள். தண்ணீரில்லாமல் ஒருபோதும் ஓடவிடாதீர்கள். குளிர்நீர் இறைக்கும் றப்பர் சக்கரம் விரைவில் கருகிவிடும். எரிபொருட் கலன்களை அடுப்புக்கும் பிள்ளைகள் படுக்கும் இடத்துக்கும் தூரமாக வையுங்கள். கொட்டில்களில் வாழும் நாம் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

கடலிலோ களப்பிலோ இயந்திரம் நின்றுவிட்டால் முதலில் நங்கூரத்தை இடுங்கள், பிறகு பிளக்கைப் பாருங்கள். திருத்திக்கொண்டிருக்கும் வேளையில் காற்று வள்ளத்தை வெகுதூரம் தள்ளிவிடும். துடுப்பு, நங்கூரம், கயிறு, பொலித்தீனில் சுற்றிய இரண்டு புதிய பிளக், பிளக் சாவி, குறடு ஆகியன இல்லாமல் வள்ளத்தைத் தள்ளாதீர்கள்.

நாம் முதலிற் சொன்ன மூன்று குடும்பங்களும் அன்றைக்குப் பின் ஓர் அப்பியாசக் கொப்பி வாங்கின. யார் எடுத்தார், எவ்வளவு எண்ணெய் ஊற்றினார், எவ்வளவு ஒயில் கலந்தார், எதில் ஓடி நிறுத்தினார் என்று அன்றன்றே எழுதுகின்றனர். எழுதுபவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. பிளக் கழற்றவும் அவர்கள் பழகிவிட்டார்கள். இயந்திரம் இப்போதும் சில நாட்களில் அடம்பிடிக்கிறது. ஆனால் யார் கை வைத்தது என்று இப்போது ஒருவரும் கேட்பதில்லை. கொப்பியை விரித்துப் பார்க்கிறார்கள்.