திக்ரில் அமரும்போது உடல் தானாக ஆடினால்

 

சில மாதங்களுக்கு முன் இஷாவுக்குப் பிறகு நடந்த திக்ர் மஜ்லிஸில் பதினேழு வயதுப் பிள்ளை ஒருவருக்குக் கைகள் வெட்டி வெட்டி இழுத்தன. ஒருவர் "ஜத்பு" என்றார், மற்றவர் "ஜின்" என்றார். மறுநாள் பிள்ளையின் உம்மா நமது அலுவலகத்துக்கு வந்து, தர்காவுக்குப் போக வழிச்செலவு கிடைக்குமா என்று கேட்டார். விசாரித்தபோதுதான், காலையில் எழுந்ததும் கை வெட்டி டீ கிளாஸ் தவறி விழுவது ஆறு மாதமாகவே நடக்கிறது என்று தெரிந்தது. வழிச்செலவு கொடுத்தோம், ஆனால் அரசு மருத்துவமனைக்கு. வலிப்பு நோய் என்று கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தார்கள். குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

இப்படி ஆடுவதெல்லாம் வலிப்பு என்று யாரும் பயந்துவிட வேண்டாம். கண்ணை மூடி அசையாமல் அமர்ந்தால் உடல் தூக்கத்தை நோக்கிப் போகும். அப்போது கைகால் திடுக்கென்று ஒருமுறை உதறும். படுக்கையில் நம் எல்லோருக்கும் வருகிற அதே உதறல்தான். மடக்கிய கால் மரத்துத் துடிப்பதும் உண்டு. வேகவேகமாக மூச்சு விட்டு திக்ர் செய்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து உதடு சுருசுருக்கும், விரல்கள் மடங்கி இறுகும். மூச்சை நிதானமாக்கினால் சற்று நேரத்தில் சரியாகிவிடும்.

சீனாவில் ச்சிகுங் என்றொரு மூச்சுப் பயிற்சி இருக்கிறது. அதில் அசையாமல் நிற்பவருக்கும் அமர்பவருக்கும் உடல் தானாக ஆடுவதுண்டு. 1980களில் அந்த ஆட்டமே பலன் என்று பலர் அதைத் தேடிப் போனார்கள். பயிற்சியை அளவு மீறிச் செய்த சிலருக்குப் புத்தி பேதலித்தது. 1994இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேட்டிலும் அது இடம்பெற்றது. நம் முன்னோரைப் பாருங்கள். ஜுனைதுல் பக்தாதி (ரஹ்) அவர்கள் தொடக்க காலத்தில் பைத் கேட்கும்போது அசைந்தார்கள், பிற்காலத்தில் அசைவின்றி அமர்ந்தார்கள் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் எழுதுகிறார்கள். ஆட்டம்தான் உயர்ந்த மகாம் என்றால் அது கூடியல்லவா இருக்க வேண்டும்!

ஆகவே ஆட்டம் வந்தால் அதை வரவேற்கவும் வேண்டாம், மல்லுக்கட்டி அடக்கவும் வேண்டாம். கண்ணைத் திறந்து, காலை நீட்டி, மூச்சை மெதுவாக்கி, தண்ணீர் குடியுங்கள். அன்றைக்கு அத்தோடு போதும்.

உதறல் அடிக்கடி வந்தாலோ, நினைவு தப்பினாலோ, நாக்கைக் கடித்துக்கொண்டாலோ, பேசிக்கொண்டே இருக்கும்போது சில விநாடி வெறித்துப் பார்த்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். மேலே சொன்ன பிள்ளைக்கு இருப்பது போன்ற வலிப்பு, தூக்கம் கெட்டால் கூடும். இரவு முழுக்க விழித்திருக்கும் நாட்களில் பெற்றோர் கவனமாக இருங்கள். ரமழானில் மாத்திரையைத் தாமாக நிறுத்துகிறவர்களைப் பார்க்கிறோம். இது பெரிய ஆபத்து. முன்கூட்டியே மருத்துவரைக் கேளுங்கள். சஹருக்கும் இஃப்தாருக்கும் நேரம் மாற்றித் தர முடிந்தால் தருவார். முடியாதென்றால் நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு.

வலிப்பு வந்தவர் கையில் சாவியும் இரும்பும் திணிப்பதால் பயனில்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்குக் கீழே துணியை மடித்து வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108க்கு அழையுங்கள்.

ஜின் என்று சொல்லிக் கட்டிப்போடுவதை நினைத்தாலே ஏர்வாடிதான் ஞாபகம் வருகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கிடந்த மனநோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை அடியோடு தடை செய்கிறது. இன்று அதே ஏர்வாடியில் துஆவோடு மருந்தும் கொடுக்கும் திட்டம் நடக்கிறது. ஓதிப் பார்ப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை. மாத்திரையும் கூடவே போகட்டும் என்கிறோம்.

வலிப்பு நோயுள்ள பெண்மணி ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்த செய்தி புகாரியில் இருக்கிறது. வலிப்பின்போது ஆடை விலகுகிறதே என்பதுதான் அவருக்குப் பெரிய கவலை. நபியவர்கள் அவரை விரட்டவில்லை, ஷைத்தான் பிடித்தவள் என்று சொல்லவில்லை. பொறுத்தால் சுவனம் உண்டு என்றார்கள். ஆடை விலகாமலிருக்க துஆவும் செய்தார்கள். நம் பிள்ளைகளின் நோயை, நிக்காஹ் தட்டிப்போகுமே என்று மூடி மறைக்கிறோமே, அதைத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

மருத்துவமனைக்குத் துணைக்கு ஆள் வேண்டுமா, மாத்திரைச் செலவுக்கு உதவி வேண்டுமா? அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள். யாரிடமும் பெயரைச் சொல்ல மாட்டோம்.